கொடிக்கால் மண்ணும் வேர்விடாத மல்லிகைக் குச்சிகளும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தாமல் எதையும் யோசிக்க எனக்கு வராது.

1. தங்கச்சிமடத்து அந்தோணியம்மாள் வீட்டுக் கொல்லையில் கறுப்பு மண் பரப்பி மல்லிகைக் குச்சிகளை நட்டார்.

2. குச்சிகள் நுனியில் துளிர்த்தன. அடியில் வேர் விடவில்லை.

3. அவர் அந்த மண்ணில் கொஞ்சம் மூட்டை கட்டி, ரயிலேறி, ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் மண் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

4. உப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. சத்து இருக்கிறதா என்று பார்த்தோம். நிறைய இருந்தது.

5. 'நல்ல மண்' என்று எழுதிக் கொடுத்தோம்.

6. சில நாள் கழித்து அவர் திரும்பி வந்து, அந்தக் காகிதத்தை என் மேஜைமேல் வைத்தார்.

ஆறாவது நிகழ்ச்சி ஓர் ஆடி மாதத்து மத்தியானம். புழுதிக் காற்றுக்குப் பயந்து வடக்கு ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் சாத்தியிருந்தோம். அறை முழுக்க அமோனியா நெடி. புதிதாக வருகிறவர்கள் துண்டாலோ முந்தானையாலோ மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்தோணியம்மாள் பொத்திக்கொள்ளவில்லை. கருவாட்டுக்கு நடுவில் வளர்ந்தவருக்கு எங்கள் நெடி ஒரு பொருட்டாகத் தெரிந்திருக்காது.

ஈரச் சாக்கைப் பிரித்து, பிடுங்கிக்கொண்டு வந்த குச்சிகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"நல்ல மண்ணுன்னு எழுதியிருக்கீக, தங்கச்சி. அப்பக் கெட்டது நானா?"

குரல் உயரவில்லை. கேள்வி நியாயமாக இருந்தது.

கருவாடா, மல்லிகையா?

அந்தோணியம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் கணவருக்கும் அவருடைய அண்ணன் சவரிமுத்துவுக்கும் பொது. இருவருக்கும் பாதிப் பாதி. நடுவில் வேலி கிடையாது.

சவரிமுத்துவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அந்த நிலம் முழுவதிலும் கருவாடு காயப்போட வேண்டும் என்பது அவர் எண்ணம். மல்லிகை நாற்று போட வேண்டும் என்பது அந்தோணியம்மாள் எண்ணம். தங்கச்சிமடத்து நாற்று என்றால் மதுரைப் பக்கத்திலிருந்து ஆள் தேடி வருவார்கள். குடும்பத்தில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு பருவம் மட்டும் நிலம் அந்தோணியம்மாளுக்கு. ஐப்பசி மழைக்குள் நாற்று வேர் பிடித்துக் கைமாறினால் தொடர்ந்து அவர் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முழு நிலமும் கருவாட்டுக்கு.

ஆடி வந்துவிட்டது. கையில் வேர் இல்லாத குச்சிகளும், மண்ணில் குற்றமில்லை என்று சொல்லும் என் கையெழுத்துப் போட்ட காகிதமும் இருந்தன. அந்தக் காகிதத்தைச் சவரிமுத்து தெருவில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினாராம்.

எல்லாவற்றுக்கும் உப்பு

எங்கள் கரையில் எது கெட்டாலும் உப்பின் மேல் பழி விழும். செடி கருகினால் உப்பு. சுவர் உதிர்ந்தால் உப்பு. விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், சமையற்கார அம்மாள் பருப்பு வேகாததற்குக்கூடக் கிணற்று உப்பைத்தான் திட்டுவார். அதில் அவர் சொன்னது சரி என்பதைப் பிறகு கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டேன். கடினநீரில் பருப்பு வேகாது.

ஆய்வுக்கூடத்துப் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. உப்பு எவ்வளவு, புளிப்பா காரமா, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. மண்ணிடம் நாங்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் என்ன குறைகிறது என்பதைப் பற்றியவை. என்ன மிகுந்திருக்கிறது என்று கேட்டால், உப்பைத் தவிர வேறு பெயர் எங்களிடம் கிடையாது.

அன்று அந்தக் குச்சிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உப்பு என்றால் இலை ஓரம் தீய்ந்திருக்கும். இவற்றின் இலை ஓரங்கள் சுத்தமாக இருந்தன. அடியில் வெட்டுவாய் ஆறி முண்டு கட்டியிருந்தது. அதிலிருந்து வேர் முளைக்கப் பார்த்து, சோற்றுப் பருக்கை அளவு வந்ததும் பழுப்பேறி நின்றுவிட்டது. நுனி மொண்ணையாக, தேய்ந்த வேப்பங்குச்சி போல இருந்தது.

ஏதோ ஒன்று வேரை வெளியே வர விட்டு, பிறகு தடுத்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

வள்ளத்தில் வந்த மண்

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது பெட்டியில் யாரும் பேசமாட்டார்கள். தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். எத்தனை தடவை போனாலும் இந்த வழக்கம் மாறி நான் பார்த்ததில்லை. நானும் பேசமாட்டேன்.

அந்தோணியம்மாளின் கொல்லை நாற்றங்கால் பார்க்க அழகாக இருந்தது. வெள்ளை மணலுக்கு நடுவில் கறுகறுவென்று பாத்திகள். கிணற்றோரம் நடந்தபோது, வெறும் மணலில் ஒரு கொத்துக் குச்சிகள் செருகியிருப்பதைப் பார்த்தேன். பாத்தியில் இடமில்லாமல் மிஞ்சியதை வீணாக்க மனமின்றி அங்கே குத்திவைத்ததாகச் சொன்னார். ஒன்றைப் பிடுங்கினேன். எளிதில் வரவில்லை. வந்தபோது நூல் நூலாக வெள்ளை வேர்.

ஒரே செடியில் வெட்டிய குச்சி, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே கை. மண் மட்டும் வேறு.

சவரிமுத்து வந்து நின்றார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். கேலி செய்தாலும் முகத்தில் கல்மிஷம் இல்லாத மனிதர். மண்டபத்தில் கருவாட்டை இறக்கிவிட்டு வரும்போது வள்ளம் ஆடாமலிருக்க அடிபாரம் வேண்டும். கல்லுக்குப் பதில், தம்பி பெண்சாதிக்கு உதவியாக இருக்கட்டும் என்று பழைய கொடிக்கால் மண்ணை ஏற்றி வந்திருக்கிறார். வெற்றிலைக் கொடிக்கால் சில வருஷங்களில் ஓய்ந்துவிடும். அதை அழித்து வேறு இடத்தில் போடுவார்கள். அழித்த இடத்து மண்ணுக்கு எங்கள் பக்கம் பெரிய மதிப்பு. வருஷக்கணக்காக எருவும் தழையும் தின்ற மண் அல்லவா? கேட்டு வாங்கிப் போவார்கள்.

"ஒரு புழு பூச்சி கிடையாது, கையில அள்ளிப் பாருங்க. அம்புட்டுச் சுத்தம்" என்றார் என்னிடம். பிறகு அந்தோணியம்மாளைப் பார்த்து, "கொடிக்கால் மண்ணுல்ல, அதான் வேரு வெறப்பா இருக்கு. வெத்தல பாக்கு வச்சு அழைச்சாத்தான் வருமோ என்னமோ."

"நீங்களே அழைங்க மச்சான். உங்க வாயிலதான் எப்பவும் ரெடியா இருக்கு" என்றார் அந்தோணியம்மாள்.

நான் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. கறுப்பு மண், ஈரம், தென்னை நிழல், அழுகிய தழை வாசனை. ஆனால் ஒரு மண்புழு இல்லை. மண்புழுவுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. வீட்டைக் காலி செய்துகொண்டு ஏன் போனது?

திரும்பும் ரயிலில், ஒரு கொடிக்காலுக்குள் என்னென்ன போகும் என்று எழுதினேன். ஊரணி வண்டல். ஆட்டெரு. அகத்தித் தழை. பிண்ணாக்கு. தண்ணீர். மருந்து. முதல் ஐந்தும் புழுவுக்கும் வேருக்கும் பிடித்தவை. அடித்துவிட்டேன். ஒன்று மிஞ்சியது.

நீலம்

வெற்றிலைக்கு வாடல் என்று ஒரு நோய் வரும். ஒருவகைப் பூசணம் அடித்தண்டில் ஏறினால் நேற்றுப் பச்சையாக நின்ற கொடி இன்று துவண்டு தொங்கும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் கொடியின் அடியில் ஊற்றுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திராட்சைத் தோட்டத்துக்காகக் கண்டுபிடித்த கலவை அது. எப்படியோ கடல் கடந்து எங்கள் வெற்றிலைக்கு வந்து சேர்ந்தது. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு.

ஆய்வுக்கூடம் மூடுவதற்கு முன்னால் கிடைத்த நேரத்தில் அந்த மண்ணை அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டி, வற்றக் காய்ச்சினேன். அமோனியா விட்டதும் இரும்பு பழுப்பு நிறத்தில் திரிந்து படிந்தது. அதை வடிகட்டினேன். கீழே இறங்கிய திரவத்தை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நீலம். வெளுத்துவந்த வேட்டிக்குப் போட்ட நீலம் போல, மெல்லியது, ஆனால் சந்தேகமில்லாதது. அமோனியாவில் அந்த நிறம் காட்டுவது செம்பு.

கிணற்றோரத்து மணலிலும் அதே சோதனையைச் செய்தேன். நிறமே இல்லை.

சந்தோஷப்பட்டேன் என்று சொல்வது சரியல்ல. ஒரு கதவு திறந்தாற்போல் இருந்தது. அடுத்த கேள்வி தானாக வந்தது. இவ்வளவு செம்பு கொடிக்காலிலிருந்துதான் வந்ததா, வள்ளத்திலோ வழியிலோ சேர்ந்ததா? அந்தக் கொடிக்காலுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

படலுக்கு இந்தப் பக்கம்

மண்டபத்துக்கு மேற்கே, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சவரிமுத்து மண் எடுத்த, மீரா சாகிபு என்பவரின் கொடிக்கால் இருந்தது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தோணியம்மாளும் கூட வந்தார். மீரா சாகிபு பழைய கொடிக்காலை அழித்த இடத்தில் பாதியை அப்படியே வைத்து, பக்கத்தில் புதியது போட்டிருந்தார். அகத்தி மரங்களில் கொடி ஏறி, உள்ளே பச்சை இருட்டு. படலைத் திறந்தால் குளிர்ந்த காற்றும் கார வாசனையும் முகத்தில் மோதின.

எங்களுக்குப் படலோடு சரி. கொடிக்காலுக்குள் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. ஆண்களே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். பல ஊர்களில் இந்தக் கட்டுப்பாடு உண்டு. கொடியை வளர்ப்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும் மாறாது. ஆபீசிலிருந்து வந்தாலும் பெண்பிள்ளை பெண்பிள்ளைதானே என்று மிக மரியாதையாக விளக்கினார் மீரா சாகிபு. தானே உள்ளே போய் மண் எடுத்து வருவதாகச் சொல்லி, பனையோலைப் பந்தலின் கீழ் எங்களுக்கு இளநீர் கொடுத்தார்.

மண் வந்தது, ஒரு பித்தளைத் தட்டில். கல் இல்லை, வேர் இல்லை, கட்டி இல்லை. மாவு போல இருந்தது.

அதை ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி அமோனியா விட்டேன். நிறமில்லை. மறுபடி செய்தேன். நிறமில்லை. அந்தோணியம்மாளின் பாத்தியில் செம்பு இருக்கிறது. அது பிறந்த இடத்தில் இல்லை. இரண்டு நாள் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. வேறு வழி எதுவும் தோன்றாமல், அந்தோணியம்மாளோடு மறுபடி போய் மீரா சாகிபிடமே கேட்டேன்: எந்த இடத்தில் எடுத்தீர்கள்?

"சர்க்கார் பாக்கப்போற மண்ணாச்சேன்னு, இப்பப் புதுசாப் போட்ட ஊரணி வண்டலாப் பாத்து எடுத்து, சலிச்சுக் கொண்டாந்தேன் தாயி. பொண்ணு பாக்க வாரவுகளுக்கு முன்னால அழுக்குச் சேலையோடயா நிறுத்துவோம்?"

"நாங்க பொண்ணு பாக்க வரல, பாய். பொணத்த அறுத்துப் பாக்க வந்திருக்கோம்" என்றார் அந்தோணியம்மாள்.

மீரா சாகிபு ஒரு கணம் விழித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இந்தத் தடவை, அழித்த கொடிக்காலில் பழைய கொடிகளின் அடி இருந்த இடத்திலிருந்து எடுத்துவரச் சொன்னேன். சாக்கில் வேரும் கட்டியுமாக வந்தது.

அந்த மண் கொடுத்த நீலம் அந்தோணியம்மாளின் பாத்தி மண்ணைவிட அழுத்தமாக இருந்தது.

கத்தி சொல்லாத சேதி

இரண்டாம் தடவை போன அன்று மீரா சாகிபு மருந்து கலக்கும் விதத்தையும் பார்த்தேன். படலுக்கு வெளியே இரண்டு மண்தொட்டிகள். ஒன்றில் துத்தநீர், மற்றதில் சுண்ணாம்புப் பால். இரண்டையும் மூன்றாவதில் ஊற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை முக்கினார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இலை கருகும். படியவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

கலவை இலைக்கு ஆகுமா என்பதைக் கத்தி சரியாகச் சொல்லிவிடும். ஊற்றிய பிறகு அது எங்கே போகிறது என்பதைச் சொல்லாது.

நான் தெரிந்துகொண்டவரை அது எங்கும் போவதில்லை. இலை அழுகும், எரு மக்கும், உப்புகூட நல்ல மழையில் கரைந்து இறங்கும். செம்பு மக்காது. கறுப்பு மண்ணில் உள்ள மக்கிய தழை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் எவ்வளவு வளமோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊற்றியது முந்தைய வருஷம் ஊற்றியதன் மேல் சேரும். நோய் கூடும்போது மருந்தும் கூடும். வெற்றிலைக் கொடி அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. வேரே இல்லாத ஒரு குச்சியால் தாங்க முடியவில்லை.

கொடிக்காலின் வடிகால் முடிவில் ஊர் குடிக்கும் ஊரணி இருந்தது. அங்கேயும் எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் செம்பு தென்படவில்லை. வடிகால் வாயில் படிந்த சேற்றில் இலேசான நீலம். தண்ணீரில் இன்று இல்லை என்று மட்டும்தான் என்னால் எழுத முடிந்தது.

இதையெல்லாம் மீரா சாகிபிடம் சொன்னேன். கோபப்படவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"ஊத்தலேன்னா ஒரு அடமழைக்குக் கொடி அம்புட்டும் படுத்துரும். ஊத்துனா மண்ணு கெடுங்கிறீக. நான் எதைச் செய்ய, நீங்களே சொல்லுங்க தாயி."

குறைத்து ஊற்றலாம், வடிகாலை ஊரணியிலிருந்து திருப்பலாம், பழைய மண்ணை யாருக்கும் கொடுக்காமலிருக்கலாம். என்னிடம் இருந்தது இவ்வளவுதான். ஊற்றாதீர்கள் என்று சொல்ல, அதற்குப் பதிலாகக் கொடுக்க வேறொன்று என்னிடம் இல்லை.

எங்கே கொட்டுவது?

தங்கச்சிமடத்தில் காரணம் தெரிந்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் தொடங்கியது.

புதிதாகக் குச்சி வெட்டி மணலில் நட இன்னும் காலம் இருந்தது. ஆனால் இடம் முழுக்கக் கறுப்பு மண். அதை அள்ள வேண்டும். அள்ளி?

மணலோடு கலந்து பரப்பிவிடலாமா என்றார் அந்தோணியம்மாள். கிணறு பக்கத்தில் இருந்தது. தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் கொஞ்ச ஆழத்தில் நிற்கும் மழைநீர்தான். மணல் எதையும் பிடித்து வைக்காது. வேண்டாம் என்றேன்.

ராத்திரிக்குள் வள்ளத்தில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுவதாகச் சவரிமுத்து சொன்னார். கடலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னேன். அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கச் செம்புத் தகடு அடிப்பார்கள். அவர் முகம் மாறியது. அவர் வலை போடுவது அந்தக் கரையோரத்தில்தான்.

"கடல்லயும் போடக்கூடாது, கரையிலயும் போடக்கூடாதுன்னா, நான் தலையில வச்சுக்கிட்டுத் திரியவா?"

அவரே தொடர்ந்து, பேசினபடி ஒரு பருவம் ஆகப்போகிறது, நாற்று வரவில்லை, நிலத்தைக் கருவாட்டுக்கு விட்டுவிடுவதுதான் முறை என்றார். கருவாட்டுக்கு வேர் வேண்டாமே என்றும் சொன்னார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அந்தோணியம்மாள் வாளியைக் கீழே வைத்தார்.

"பருவத்தக் கெடுத்தது நீங்க கொண்டாந்த மண்ணு, மச்சான். நல்லதுன்னு நெனச்சுத்தான் கொண்டாந்தீக, நான் குத்தம் சொல்லல. அது எங்கனயும் போகாதாம்ல. உங்க பாதியில கெடக்கட்டும். என் பாதியில நான் மணல்லயே நட்டுக்கிறேன்."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் ஏதாவது மறுப்புச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். கிணறு அந்தோணியம்மாளின் பாதியில், கிழக்குக் கோடியில் இருந்தது. சவரிமுத்துவின் பாதியில் மேற்குக் கோடி அதற்கு வெகுதூரம். அடியில் களிமண் மெத்தி, மழை படாமல் மேலே மூடிவைத்தால் இருப்பதில் அதுவே பாதுகாப்பான இடம் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, நிலத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார்.

இன்றைய நிலை

அந்தப் பருவத்துக்கு மதுரைப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரி வேறு வீட்டில் நாற்று எடுத்துக்கொண்டார். அந்தோணியம்மாளின் மணல் நாற்று ஐப்பசிக்குள் வேர் பிடித்தது. தை மாதத்தில்தான் விலை போனது. இப்போதும் அவர் தம் பாதி நிலத்தில் நாற்று போடுகிறார். முழு நிலமும் அவருக்குக் கிடைக்கவில்லை, சவரிமுத்துவுக்கும் கிடைக்கவில்லை. மேற்குக் கோடியில் கறுப்பு மண் ஒரு குவியலாக, பனையோலை வேய்ந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் அவர் கருவாடு காயப்போடுவதில்லை.

மீரா சாகிபு வடிகாலைத் திருப்பிவிட்டார். மருந்தைக் குறைத்திருப்பதாகச் சொல்கிறார், நிறுத்தவில்லை. பழைய மண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் கொடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துப் பட்டியலில் செம்பைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் சேர்க்கவில்லை.

சென்ற மாதம் அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சோதித்தேன். நீலம் குறையவில்லை.